பெட்டிக்குள் பெட்டி

"மாப்ளே, தபால்தலை கணக்கா இத்தினிக்கூண்டு தெரியுது. இதுல நான் எப்பிடிக் கட்டம் பாக்குறது?"

வீரணன் கண்ணாடியைத் துடைத்தார். பண்ணைப்புரத்துச் சோசியர். கம்ப்யூட்டரில் சாதகத்தைத் தட்டிக் கொடுப்பது மகள் அனுஷ்கா. போன வாரம் அந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. அதிலிருந்த சோசிய மென்பொருள் புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது. வேறு எதையும் மனுஷன் நம்பவும் மாட்டார். அதில் பொருத்தம் பார்த்தால்தான் அனுஷ்காவை விஜயபாண்டிக்குக் கொடுக்கிற பேச்சே.

விஜயபாண்டி விடுவானா? தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். "எமுலேட்டர்னு ஒண்ணு இருக்கு மாமா. புதுப் பெட்டிக்குள்ளயே பழைய பெட்டிய ஓட வச்சுக் காட்டுறேன்" என்று மார்தட்டிக்கொண்டு வந்திறங்கிவிட்டான். செத்த பெட்டியைக் குடைந்து மென்பொருளையும் தேற்றினான். ஒரே ஒரு காப்பி. அதோடு பழைய டிஸ்க்கும் கண்ணை மூடிவிட்டது.

கதவோரம் நின்ற அனுஷ்கா கண்ணை உருட்டி உருட்டித் தலையை ஆட்டினாள். நம் திறமையில் பிள்ளை சொக்கிப்போய்விட்டது என்று அவனுக்கு இன்னும் தெம்பு.

"இந்தா, பெருசாக்குறேன் மாமா."

திரை முழுக்கப் பழைய விண்டோஸ் விரிந்தது.

"ஆத்தாடி! என் முருகன் எங்க போனாரு?"

பெரியவர் மிரளக் கூடாதே என்று புதுப் பெட்டியின் திரையில் இருந்த அதே முருகன் படத்தை உள்ளேயும் வைத்தான். அங்கேதான் சனி பிடித்தது. உள்ளே எது, வெளியே எது என்று அவனுக்கே பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்து மென்பொருள் ஹேங் ஆனது.

"என்ன மாப்ளே, அசைய மாட்டேங்குது?"

"உள்ள இருக்கத மட்டும் அழிச்சிட்டுத் திரும்பப் போடுறேன் மாமா. காப்பி வெளிய பத்திரமா இருக்கு."

அழித்தான். அழித்தது வெளியே இருந்ததை. ஹேங் ஆன உள் மென்பொருளோ மறுபடி எழவே இல்லை.

முருகன் சிரித்துக்கொண்டே இருந்தார், காப்பியைத்தான் காணோம். விஜயபாண்டிக்குக் காதுமடல் சுட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எந்த முகத்தோடு பெண் கேட்பது?

"மாமா... போயிருச்சு. என் தப்புதான். பெரிய இவனாட்டம் பேசிட்டேன், மன்னிச்சிருங்க."

வீரணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"போனது போகட்டும். மாரியம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம். அம்மன் சொன்னாச் சரி. அனுஷ்கா, பூப்பொட்டலத்த நீயே கட்டிரு ஆத்தா."

அவர் பூ வாங்கத் தெருவில் இறங்கினார். அனுஷ்கா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அவன் தலை நிமிரவில்லை.

"ஏங்க, எத்தன தடவ கண்ணக் காட்டுனேன்!" என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நமக்கு ஒரு பொருத்தங்கூட இல்லைன்னு அதுல வந்துச்சு. அப்பா பாத்துரக் கூடாதுன்னுதானே இதே செம்பு நிறையத் தண்ணிய அந்தப் பெட்டிக்குள்ள ஊத்துனேன்? நீங்க என்னடான்னா, உயிர் குடுக்க வந்துட்டீக!"