ஜப்பானிலிருந்து சூலூருக்கு ஒரு விருந்தாளி

எனக்குப் பேச வரும், கேட்க வராது. கல்யாணமான மூன்றாவது நாளே என் மனைவி கவிதா இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் சொன்னது வீட்டுப் பேச்சைப் பற்றி. நான் இங்கே ஒப்புக்கொள்ளப்போவது மோர்ஸ் பற்றி. அதிலும் எனக்கு அதே கோளாறுதான்.

குட்டை ஓசை, நெட்டை ஓசை என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் செய்தி சொல்வது மோர்ஸ். அமெச்சூர் ரேடியோ வைத்திருப்பவர்களில் என்னைப் போன்ற சிலர், கையில் போன் இருக்கும்போதே, ஆசைக்காக இதில் பேசிக்கொள்கிறோம். உரிமத்துக்கான தேர்வில் மோர்ஸ் பகுதியை எப்படியோ தாண்டிவிட்டேன். அனுப்புவது எனக்குச் சுலபம். சொல்ல வேண்டியதைப் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு தட்டினால் போதும். எதிரிலிருந்து வருவதைக் காதால் கேட்டு எழுதுவதுதான் உயிரை வாங்கும். நான் முதல் எழுத்து என்னவென்று யோசித்து முடிப்பதற்குள் அவர் ஐந்தாவது எழுத்துக்குப் போயிருப்பார். (தேர்வுக்குப் படித்ததில் பாதி அன்று மாலையே மறந்துபோனது. மீதியை மறக்க ஒரு வாரம் ஆனது.)

எங்கள் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை நட்பு நாளாக வைத்திருக்கிறோம். போட்டி கிடையாது, மதிப்பெண் கிடையாது. கையால் தட்டி ஓசை எழுப்பும் சாதாரண மோர்ஸ் கீயை வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் மோர்ஸில் நாலு வார்த்தை பேச வேண்டும். சாயங்காலம், யாருடைய கை கேட்க இனிமையாக இருந்தது என்று ஒருவர் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இதில் அவமானப்பட வழியே இல்லை என்று நினைத்தேன்.

நாங்கள் குடியிருப்பது சரவணம்பட்டியில் ஒரு அடுக்குமாடி வீடு. மொட்டை மாடியில் ஆன்டெனா கம்பி கட்டக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் ரேடியோ, மேசை எல்லாம் சூலூரில் மாமனார் வீட்டில். உரிமத்திலும் அந்த முகவரிதான். மாமனார் ரங்கசாமிக்குப் பதினாறு விசைத்தறி. வீட்டை ஒட்டியே தறிக்குடோன். குடோனுக்குப் பின்னால் இரண்டு தென்னைமரம், நான் கம்பி கட்டுவதற்கென்றே வளர்ந்த மாதிரி.

தறி ஓடினால் அந்த மோட்டார்களின் இரைச்சல் ரேடியோவுக்குள்ளும் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவசர ஆர்டர் ஒன்று இருந்ததால் தறி ஓடிக்கொண்டிருந்தது. தயங்கித் தயங்கி மாமனாரிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு குடோனுக்குள் போய்ப் பதினாறையும் நிறுத்திவிட்டு வந்தார். கவிதா பிறந்த அன்றுகூட நாலு தறிதான் நிறுத்தினாராம். (இதை என் மாமியார் அவ்வப்போது சொல்வார், சந்தோஷமாக அல்ல.)

தறியை நிறுத்தியதோடு விட்டாரா? நாற்காலி போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மாமியார் வெங்காயத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். தறி ஓட்டும் பழனிச்சாமி அண்ணன் வேலையில்லாமல் வாசற்படியில் நின்றார். கவிதா போனில் வீடியோ எடுக்கத் தயாரானாள். மருமகன் உலகத்தோடு பேசப்போகிறான்.

பொது அழைப்பைத் தட்டினேன். யாரும் பதில் சொல்லாவிட்டால், இன்றைக்கு வானம் சரியில்லை என்று சொல்லி எழுந்துவிடலாம் என்பது என் திட்டம். ஆனால் இரண்டாவது அழைப்பிலேயே பதில் வந்தது. அதுவும் ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி. உரிமத்தோடு எனக்குப் பெயர் மாதிரி கொடுத்த அழைப்புக்குறி மட்டும் புரிந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எனக்கு ஒரே டிட்டிடா.

“எந்த ஊருங்க மாப்ள?” என்றார் மாமனார்.

அழைப்புக்குறியின் முதல் இரண்டு எழுத்தைப் பிடித்தாலே எந்த நாடு என்று சொல்லிவிடலாம். பிடித்திருந்தால். நாலு ஜோடிக் கண்களும் நிறுத்திய பதினாறு தறிகளும் எனக்காகக் காத்திருந்தன.

“ஜப்பானுங்க மாமா,” என்றேன்.

ஏன் ஜப்பான் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. இலங்கை என்று சொல்லியிருந்தால் பாதிப் பாவத்தோடு போயிருக்கும்.

“ஜப்பான்லிருந்து இத்தனை சத்தமாவுங்க வருது?” என்று மாமனார் கேட்டார். அவர் தறிக்காரர். சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் என்ன கோளாறு என்று சொல்கிறவர். மேலே வானத்தில் ஒரு படலம் இருக்கிறது, அதில் பட்டுத் திரும்பி வருகிறது என்று விளக்கினேன். அது உண்மைதான். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை.

அதற்குப் பிறகு எனக்கே ஒரு தைரியம் வந்துவிட்டது. அவர் பெயர் தகாஷி, வயது அறுபது, அங்கே பனி கொட்டுகிறது, இரண்டு நாளாக வெளியே போகவில்லை என்று வந்த ஓசைக்கெல்லாம் அர்த்தம் சொன்னேன். இதையெல்லாம் சொல்லும்போது பேப்பரில் எழுதுவது போல ஏதோ கிறுக்கினேன். மாமியார் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு, பாவம் அந்த மனுஷன் என்றார்.

மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். ஜப்பானில் என்ன மாதிரி தறி ஓட்டுகிறார்கள் என்று கேட்கச் சொன்னார். அனுப்பத்தான் எனக்கு நன்றாக வருமே! உங்கள் ஊரில் என்ன தறி என்று அழகாகத் தட்டினேன். நீளமாகப் பதில் வந்தது. அங்கே தறியெல்லாம் காற்றிலேயே ஓடுகிறதாம், சத்தமே கேட்காதாம் என்றேன். மாமனார் பழனிச்சாமி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் குடோன் பக்கம் திரும்பி, நின்றுகிடந்த தறிகளைப் பார்த்தார். எனக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. அதையும் தாண்டிப் போய்விட்டேன்.

மறுபடி ஓசை வந்தது. முடிவில் ஒரு கேள்வி மாதிரி இருந்தது. மாமனாரே அதற்கும் பதில் வைத்திருந்தார்.

“நம்ம பக்கம் வந்தா ஊட்டுக்கு வரச் சொல்லுங்க மாப்ள. ரெண்டு வாய் சோறு உண்டுபோட்டுப் போலாம். ரங்கசாமி தறிக்குடோன்னு கேட்டா சூலூர்ல ஆரும் வழி காட்டுவாங்க.”

ஜப்பான்காரருக்கு சூலூரில் வழியா என்று நான் கேட்கவில்லை. தயவுசெய்து வீட்டுக்கு வாருங்கள், மதியச் சாப்பாடு, சூலூர், ரங்கசாமி தறிக்குடோன் என்று எழுத்துப் பிசகாமல் தட்டினேன். சின்னதாகப் பதில் வந்தது. கட்டாயம் வருகிறேன் என்கிறார் என்று சொல்லிவிட்டு, நன்றியும் வணக்கமும் தட்டி ரேடியோவை அணைத்தேன். பழனிச்சாமி அண்ணன் கைதட்டினார். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. மாமனார் என் தோளில் கை வைத்தார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

இருபது நிமிஷம் இருக்கும். தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி ஹெல்மெட்டைக் கழற்றினார். கையில் ஒரு சீப்புப் பழம், கக்கத்தில் ஒரு நோட்டு. நூல் விஷயமாக வந்தவர் யாரோ என்று நினைத்து மாமனார் எழுந்து போனார்.

“வணக்கமுங்க. ரேடியோ சார் ஊடு இதுதானுங்களே? நான் ஸ்டெல்லா, கண்ணம்பாளையம். கணக்கு டீச்சருங்க. சாப்பிட வரச் சொன்னாங்க, அதான் வந்தேன்.”

வீட்டுக்குள் ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கதவை மறித்துக்கொண்டு கவிதா நின்றாள். போன் இன்னும் அவள் கையில் இருந்தது.

மாமனார் என்னைப் பார்த்தார். ஸ்கூட்டரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“மாப்ள, ஜப்பான்லிருந்து வண்டியிலயே வந்துட்டாங்களாட்ட இருக்குது,” என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அந்த டீச்சருக்கு எதுவும் தெரியாது, பாவம். நான் அனுப்பியதும் அவர் அனுப்பியதும் வரி வரியாக ஆங்கிலத்தில் தம் நோட்டில் இருக்கிறது என்று சந்தோஷமாகத் திறந்து காட்டினார். மாமனார் மிக மரியாதையாக, அதைக் கொஞ்சம் தமிழில் படிக்க முடியுமா என்று கேட்டார். டீச்சர் வகுப்பில் படிப்பது போலத் தெளிவாகப் படித்தார். பெயர் ஸ்டெல்லா. இருப்பது கண்ணம்பாளையம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உங்கள் சிக்னல் இடி மாதிரி கேட்கிறது, பக்கத்திலா இருக்கிறீர்கள்? எங்கள் ஊரில் எல்லாம் விசைத்தறி, அடுத்த வீட்டில் இருபத்துநாலு, சத்தத்தில் தூங்க முடிவதில்லை. உங்கள் ஆன்டெனாவைப் பார்க்க வரலாமா?

பழனிச்சாமி அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு குடோனுக்குள் போய்விட்டார்.

எனக்கு வேறு வழியில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னேன். எனக்கு அனுப்பத்தான் தெரியும், ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, நீங்கள் எனக்காகத் தறியையே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை என்றேன். மாமியார்தான் முதலில் பேசினார். அப்படியென்றால் அந்தத் தகாஷி பனியில் மாட்டிக்கொள்ளவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லவேளை என்றார்.

மாமனார் அதற்குப் பிறகுதான் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “புரியலீன்னு சொல்லியிருந்தா நான் என்னங்க பண்ணியிருப்பேன்? அதுக்கும் தறிய நிறுத்தித்தான் இருப்பேன்,” என்றார். பிறகு டீச்சருக்கு இலை போடச் சொன்னார்.

டீச்சர் சாப்பிட்டுவிட்டு ஆன்டெனாவை ஆசைதீரப் பார்த்தார். கிளம்பும்போது, நான் தட்டியது கேட்க நன்றாகவே இருந்தது என்றார். அன்று சாயங்காலம் இனிமையான கை என்று அவர் எழுதி அனுப்பியது என் பெயரைத்தான். காது பற்றி அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை என்பது என் அதிர்ஷ்டம்.

இப்போது எங்கள் குடும்பத்தில் அவர் பெயர் ஜப்பான் டீச்சர். எங்கள் மகளுக்குக் காது குத்தியபோது பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலில் மாமனார் தம் கையால் அப்படித்தான் எழுதினார். எனக்கு ஒழுங்காகக் கேட்கக் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் பிடித்தது. போன வருஷ நட்பு நாளில், சன்னமான ஓசையில், நிஜமாகவே ஜப்பானிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். முதல் இரண்டு எழுத்தை மூன்று முறை கேட்டு எழுதிச் சரிபார்த்தேன். சந்தேகமே இல்லை. மாமா, ஜப்பானுங்க என்று கத்தினேன்.

மாமனார் நூல்கட்டை எண்ணிக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை. சமையலறைப் பக்கம் நின்ற கவிதாவுக்குக் குரல் கொடுத்தார்.

“அம்மணி, ஒரு டம்ளர் அரிசி சேத்திப் போடச் சொல்லு. மாப்பிள்ளைக்கு ஆரோ வாராங்களாம்.”