அலுமாரிக்குள் இங்கிலீஷ் பேசியவன்

பயந்த சுபாவம் உள்ளவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சுத்தப் பொய். பயந்தவர்கள் தங்கள் பயத்தை மறைப்பதற்காகச் செய்யும் வேலைகளால் ஒரு தெருவையே கலக்கிவிட முடியும். இந்த உண்மையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கண்டி கட்டுகலைப் பக்கம் ஒரு போர்டிங் வீட்டு மாடி அறையில், தலையணையின் மேல் குப்புற விழுந்து கிடந்தபோது கண்டுபிடித்தேன்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. நாவலப்பிட்டியிலிருந்து வந்து, கண்டியில் வீட்டு வரைபடம் வரைந்து கொடுக்கும் ஓர் ஒபிஸில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். தங்கியிருந்தது பெண்பிள்ளைகளுக்கான போர்டிங். வீட்டுக்காரி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் வாழ்க்கைப்பட்டு, கணவர் காலமான பிறகு மேல்மாடியை எங்களுக்கு விட்டிருந்தார். அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லாததால் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

நான் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"பிள்ளை, சாப்பாட்டில குறை எண்டால் சொல்லலாம். பைப்பில தண்ணி வரேல்ல எண்டால் சொல்லலாம். ஆனா ஆம்பிளைக் குரல் ஒண்டு இந்த வீட்டுக்குள்ள கேட்டுதெண்டால், அண்டைக்கே பெட்டியைக் கட்டிப்போட வேணும். விளங்கிச்சோ?"

விளங்கியது. எவ்வளவு விளங்கியது என்றால், அப்பாவோடு போனில் பேசும்போதுகூட, அவர் குரல் வெளியே கேட்டுவிடுமோ என்று நான் போர்வைக்குள் போய்விடுவேன். (அப்பா பஸ் ஸ்டாண்டில் கத்திப் பழகியவர். போர்வை போதவில்லை.)

இனி அந்தச் சனியன் பிடித்த தொடுதிரை டெப் விஷயத்துக்கு வருகிறேன். ஒபிஸில் வரைபடம் வரையும் மென்பொருள் பெரிய கம்பியூட்டரில் மட்டும்தான் ஓடும். பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லை. அது மின்வெட்டுக் காலம். கரண்ட் இருக்கும்போது கம்பியூட்டருக்குப் பக்கத்தில் போக என் முறை வராது. லெப்டொப் வாங்குவதைப் பற்றிக் கனவுகூடக் காண முடியாது. என்னிடம் இருந்ததெல்லாம் சித்தப்பா மகன் வெளிநாட்டுக்குப் போகும்போது விட்டுப்போன ஒரு பழைய டெப். அதன் உள்ளே இருப்பது கம்பியூட்டருக்குப் போடும் அதே வகை சிப், கொஞ்சம் பாடுபட்டால் அதில் விண்டோஸ் ஓடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் ஒரு பையன் சொன்னான். அவன் நாசமாய்ப் போக.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து பாடுபட்டேன். கடைசியில் ஓடியது. கையடக்கமான கண்ணாடித் துண்டுக்குள் முழுக் கம்பியூட்டரும் வந்து குந்திக்கொண்டது. அறைத்தோழி பவானிக்கு என் தலையைச் சுற்றி ஒளிவட்டமே தெரிந்திருக்கும். அவள் பன்வில ஊர்க்காரி, டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள்.

"அக்கா, நீங்க பெரிய ஆளு!" என்றாள்.

பெரிய ஆள்தான். ஆனால் விண்டோஸ் மவுஸ் அம்புக்காகச் செய்தது. என் விரலுக்காகச் செய்ததல்ல. மூடும் பொத்தானைத் தொட்டால் பெரிதாக்கும். பெரிதாக்கத் தொட்டால் அழித்துவிடும். படம் சில நாள் பக்கவாட்டில் விழுந்து கிடக்கும். நானும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே ஒரு சமையலறை வரைந்து முடித்தேன். சத்தம் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள் வேலை செய்யவில்லை. சத்தம் எப்போதும் உச்சத்தில். பவர் பொத்தானில் அடிக்கடி கை பட்டுத் திரை அணைந்துவிடுவதால், அதை அமுக்கினால் எதுவுமே நடக்கக் கூடாது என்று நானே மாற்றி வைத்தேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

சம்பவம் நடந்தது மழை பிடித்த ஒரு மாலை. வழக்கம்போல் கரண்ட் போயிற்று. கீழே ஹோலில் டீச்சர் மெழுகுதிரி ஏற்றிச் செபமாலைக்கு எல்லோரையும் கூப்பிட்டார். மறுநாள் ஒபிஸில் ஒரு படிக்கட்டு வரைபடம் காட்ட வேண்டியிருந்ததால், "தலையிடிக்குது டீச்சர்" என்று சொல்லிவிட்டு மேலேயே இருந்துவிட்டேன். அறைக்கதவையும் பூட்டிக்கொண்டேன். பவானி மட்டும் போனாள்.

டெப்போடு ஒரு குட்டிக் கீபோர்டை வயரில் மாட்டியிருந்தேன். திடீரென்று ஏதோ 'டொங்' என்று சத்தம் வந்தது. கீழே செபம் நடக்கிறதே என்ற பயத்தில், சத்தத்தை அடக்கும் விசையைத் தேடி இருட்டில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஒன்றாக அமுக்கினேன்.

ஓர் ஆண் பேசினான்.

கனத்த, தெளிவான, வெள்ளைக்காரக் குரல். ஏதோ ஒன்று ஆரம்பமாகிறது என்று இங்கிலீஷில் அறிவித்தான். கண் பார்வை இல்லாதவர்களுக்காகத் திரையில் உள்ளதையெல்லாம் வாசித்துக்காட்டும் வசதி அது என்பது பிறகு தெரிந்தது. நல்ல வசதி. ஆனால் அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அறைக்குள் ஓர் ஆம்பிளை இருக்கிறான் என்பதுதான்.

வயரைப் பிடுங்கி எறிந்தேன். நிற்கவில்லை. (எந்த விசைகளால் அவன் வந்தானோ அதே விசைகளால்தான் போவானாம். கீபோர்டு கட்டிலுக்கு அடியில் போயிருந்தது.) திரையைத் தொட்டேன். "ரீசைக்கிள் பின்!" என்று முழங்கினான். வேறிடத்தில் தொட்டேன். "பட்டரி, நைன்டி வன் பர்சென்ட்!" என்றான். தொடுவதையெல்லாம் சொல்கிறானே தவிர, தொட்டது எதுவும் திறக்கவில்லை, மூடவில்லை. பவர் பொத்தானை அமுக்கினேன். என் ஏற்பாட்டின்படி எதுவும் நடக்கவில்லை.

டெப்பைத் தலையணைக்கு அடியில் போட்டு, அதன் மேல் குப்புற விழுந்தேன்.

கீழே "அருள் நிறைந்த மரியே" பாதியில் நின்றது.

பிறகு படியில் செருப்புச் சத்தம். கதவுக்கு அடியில் மெழுகுதிரி வெளிச்சம்.

"ரெஜினா! உள்ள ஆர்?"

"ஒருத்தரும் இல்லீங்க டீச்சர்!"

தலையணைக்கு அடியில் இருந்த என் உள்ளங்கை திரையில் எங்கோ பட்டது. முன்பு அமுக்கிய விசைகளில் ஒன்றால், படத்தைச் சேமிக்கவா என்று கேட்கும் பெட்டி திறந்திருக்க வேண்டும்.

"யெஸ் பட்டன்" என்றான் அவன்.

வெளியே மூச்சு இழுக்கும் சத்தம். "ஆம்பிளையே நிக்கிறான்?"

"இல்லீங்க டீச்சர்! சத்தியமா!"

"யெஸ் பட்டன்."

கையை நகர்த்தினேன். "நோ பட்டன்" என்றான். இன்னும் நகர்த்தினேன். "கேன்சல் பட்டன்."

"என்ன பட்டன்? ஆரின்ர பட்டன்?" டீச்சரின் குரல் கிரீச்சிட்டது. "ரெஜினா, அவன் சட்டை போட்டிருக்கிறானோ இல்லையோ?"

எனக்கு அழுகைதான் வந்தது. டீச்சர் திரும்பக் கீழே இறங்கி, யாரையோ ஹோல் ஜன்னல் வழியாகக் கூப்பிடச் சொல்லி உத்தரவு போடுவது கேட்டது. தெருமுனைக் கடை ஹனீபா நானாவைத்தான். இனித் தாமதிக்க முடியாது. டெப்பை ஒரு ஸ்வெட்டரில் சுருட்டி, அலுமாரிக்குள் அடித் தட்டில் திணித்து, கதவைச் சாத்தினேன். அவன் வாயை மூடினான். தொட ஆள் இல்லாவிட்டால் அவன் பேசுவதில்லை போலும். முகத்தைத் துடைத்துக்கொண்டு அறைக்கதவைத் திறந்தேன்.

டீச்சர் ஒரு கையில் மெழுகுதிரி, மறு கையில் வீடு கூட்டும் தும்புத்தடியோடு உள்ளே வந்தார். பின்னால் மழையில் நனைந்த ஹனீபா நானா, கடையின் இரும்புக் கம்பியோடு. அவருக்குப் பின்னால், முகம் வெளிறிய பவானி. கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். ஜன்னலைப் பார்த்தார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் நானா கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார்.

"ஆருமில்ல டீச்சர். ரேடியோ கீடியோவா இருக்கும்" என்றார் நானா. அவர் போய்விடத் துடிக்கிறார் என்பது தெரிந்தது.

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். தும்புத்தடி மெல்லத் தாழ்ந்தது. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம். ஆனால் செபத்துக்கு வராமல் பொய் சொன்னது தெரிந்துவிடுமே என்ற பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் பவானியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் நல்லவள். என் அறையில் ஆண் குரல் கேட்டதும் எனக்கு உதவ நினைத்து, செபமாலையை ஒரு கையில் உருட்டியபடியே மறு கையால் போனில் எனக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்கிறாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். மழை நாளில் கண்டியில் நெட் ஆமை வேகம். அது அலைந்து திரிந்து, சரியாக அந்த நிமிடத்தில் டெப்புக்கு வந்து சேர்ந்தது. அலுமாரிக்குள்ளிருந்து அவன் அதை வெள்ளைக்காரப் பாணியில் நிதானமாக வாசித்தான்:

"நியூ மெசேஜ் ஃப்ரம் பேவேனி. அக்கா, டீச்சர் வராங்கா. ஆலா அல்மாரிலா ஒலிய வைய்ங்கா."

வாக்கியத்தை டீச்சர் மனதுக்குள் திருத்தி எழுதுவது முகத்தில் தெரிந்தது. டீச்சர் வர்றாங்க. ஆளை அலுமாரியில் ஒளிய வையுங்க.

"ஐயோ!" என்றாள் பவானி. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் அலுமாரியை நோக்கித் திரும்பினார். உள்ளே இருப்பவனுக்கு விளங்கும் பாஷையில் பேச வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, வகுப்பறைக் குரலில் சொன்னார்:

"யங் மேன்! கம் அவுட் அட் வன்ஸ்!"

"வெளிய வாடா! மரியாதயா வா! நான் கெட்டவன்!" என்றார் நானா. குரல் நடுங்கியது. கம்பி அதைவிட நடுங்கியது. கம்பியின் நுனியால் அலுமாரிக் கதவை நெம்பிவிட்டு, பின்னால் பாய்ந்து டீச்சரின் காலை மிதித்தார்.

ஸ்வெட்டர் அவிழ்ந்து டெப் கீழே விழுந்தது. நீல வெளிச்சம். பவானி எடுக்கப் போனாள். அவள் விரல் பட்டது.

"ரீசைக்கிள் பின்" என்றான் அவன்.

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். விண்டோஸ், படிக்கட்டு, தலையிடிப் பொய், பவர் பொத்தான், எல்லாம். டீச்சர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். பெட்டியைக் கட்டச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் என் கட்டிலில் உட்கார்ந்தார். மெழுகுதிரியை யாரிடமாவது கொடுக்க நீட்டினார். மெழுகு அவர் சேலையெல்லாம் சிந்தியிருந்தது.

"நான் என்ன நினைச்சன் தெரியுமே?" என்றார் மெதுவாக. "ஆரோ உள்ளிட்டு உன்ர கழுத்தில கத்தியை வைச்சுக்கொண்டு, 'ஒருத்தரும் இல்லை' எண்டு சொல்ல வைக்கிறான் எண்டு நினைச்சன். உன்ர தாய் தேப்பனுக்கு நான் என்ன பதில் சொல்லுறது எண்டுதான் அந்தப் படி முழுக்க யோசிச்சுக்கொண்டு ஏறினனான்."

அந்த வீட்டில் அன்று மிகவும் பயந்தவள் நான்தான் என்று அதுவரை எண்ணியிருந்தேன். கத்தி வைத்திருப்பவன் என்று நம்பிக்கொண்டு, ஒரு தும்புத்தடியோடு அந்த மனுசி மாடி ஏறி வந்திருக்கிறார். எனக்கு அவர் காலடியில் உட்கார்ந்து அழத் தோன்றியது. உட்கார்ந்து அழுதேன்.

"சரி, சரி. உதை முதல் நிப்பாட்டு" என்றார். நிறுத்தத் தெரியாது என்றேன். நானா வாங்கிப் பார்த்தார். அவன் அவருக்கு நேரத்தையும் திகதியையும் சொன்னான். கடைசியில் டீச்சர் அவனைத் துவாயில் சுற்றி, சமையலறையில் ஒரு பெரிய சட்டிக்குள் வைத்து மூடினார். செபமாலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஒவ்வொரு தேவ இரகசியத்துக்கும் இடையில், யாரோ எனக்கு அனுப்பிய ஏதோ ஒன்று சட்டிக்குள்ளிருந்து கிணற்றுக் குரலில் வாசிக்கப்பட்டது. பட்டரி தீரும்வரை.

ஆனால் ஒன்று பாக்கியிருந்தது. நானா வந்து சேர்வதற்குள் டீச்சர் நாவலப்பிட்டிக்குப் போன் போட்டு, "உங்கட மகளின்ர அறைக்குள்ள ஆம்பிளை" என்று சொல்லிவிட்டாராம். பிறகு விஷயத்தை விளக்க எடுத்தால் அப்பாவின் போன் வேலை செய்யவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் அப்பா வந்து நின்றார். தூங்காத கண், நனைந்த சேட்டு.

"எங்க அவன்?" என்றார்.

டீச்சர் சார்ஜ் ஏற்றிய டெப்பைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, நடந்ததைச் சொன்னார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு விரலால் தொட்டார். அவன் பேசினான். இன்னொரு முறை தொட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இங்கிலீஷ் நல்லாத்தான் பேசுறான்" என்றார். பிறகு டீச்சர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

நான் போர்டிங்கிலிருந்து துரத்தப்படவில்லை. அந்த டெப்பைப் பழையபடி ஆக்கினேன். படிக்கட்டு வரைபடத்தை ஒபிஸில் கையால் வரைந்து காட்டினேன். அவர்களுக்கு அதுவே பிடித்திருந்தது. அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சில வருடங்கள் கழித்து நாவலப்பிட்டியில் எனக்குக் கல்யாணம். இந்தக் கதையை மாப்பிள்ளை வீட்டில் நான் சொல்லியிருக்கவில்லை. வழக்கமான காரணம்தான், பயம். வரவேற்பில் டீச்சர் வந்தார். பட்டுச்சேலை, கையில் பரிசுப்பெட்டி. மேடையேறி என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பே இல்லாத முகத்தோடு, பக்கத்தில் நின்ற மாமியாருக்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னார்:

"தம்பி, நான் ஒண்டையும் மறைக்கிற ஆள் இல்லை. உமக்கு முதல் இவளின்ர அறைக்குள்ள ஒருத்தன் இருந்தவன். அலுமாரிக்குள்ளயிருந்து நான்தான் பிடிச்சனான்."

கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா மேடைக்குக் கீழே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அவரால் விளக்கம் சொல்ல முடியவில்லை. பவானிதான் ஓடி வந்து முழுக் கதையையும் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினாள், சட்டை பட்டன் உட்பட.

அன்றிலிருந்து என் கணவருக்கு அவர் வீட்டிலேயே பெயர் 'ரெண்டாவது ஆள்'. அவர் உள்ளறையிலிருந்து என்னைக் கூப்பிட்டால், நான் பதில் சொல்வதற்குள் மாமி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார்:

"ரெஜினா, யாரு கூப்புடுறதுன்னு பாரும்மா. நம்ம ஆளா, அலுமாரி ஆளா?"