நிறுத்திப்போடுங்க

துடியலூரில் மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கும் சத்தியசீலன், மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்துச் சபதம் போட்டுவிட்டார். 'தூங்காத பசங்க' என்ற டிவி நிகழ்ச்சியை நிறுத்தாமல் ஓயமாட்டாராம். சனிக்கிழமை நடுராத்திரியில் இளவட்டங்கள் கூடி, காதல், கலப்புக் கல்யாணம், வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத சமாசாரம் என்று எல்லாவற்றையும் வெளுத்து வாங்குகிற நிகழ்ச்சி அது. அதை வைத்து ஊரே ரெண்டுபட்டுக் கிடந்தது. சத்தியசீலன் மட்டும் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. ஒன்பது மணிக்கே குறட்டை விடுகிறவர் எப்படிப் பார்ப்பார்?

சபதம் போட்டாயிற்று. கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கிற பங்குப் பேரவைக்கு அவர்தான் செயலாளர்; பேச்சு மாறினால் கோயிலில் தலைகாட்ட முடியுமா?

"ஏனுங்க, அந்த நிகழ்ச்சிக்கே வாய்ஸ் மெசேஜ் அனுப்பிப்போடலாமுங்க," என்றாள் மனைவி விமலாராணி.

"திட்டித் தீர்த்துப்போடறேன் பாரு!"

"திட்டினா கேப்பாங்களா? நம்மூர் மரியாதையில சொல்லுங்க. ஒண்ணு விடாம பாக்கறேன்னு ஆரம்பிங்க."

"நான் எங்க பாத்தேன்?"

"பாக்காதவர் பேச்சை ஆருங்க மதிப்பாங்க?"

நியாயமாகத்தான் பட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கமுங்க. துடியலூர் சத்தியசீலன் பேசறனுங்க. உங்க நிகழ்ச்சிய ஒண்ணு விடாம பாக்கறனுங்க. பாத்தா தூக்கமே வரமாட்டேங்குதுங்க. தயவுசெஞ்சு நிறுத்திப்போடுங்க!"

விமலாராணி மறுபேச்சில்லாமல் அனுப்பிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் இளைஞர் மன்றமே அவர் கையைப் பிடித்துக் குலுக்கியது. "ரொம்ப நன்றிங்க அங்கிள்!" என்று மன்றத்துப் பையன் வின்ஸ்டன் ஃபோனை நீட்டினான். முந்தின நாள் நிகழ்ச்சியின் துண்டு. சத்தியசீலனின் குரல் கணீரென்று ஒலித்தது. பின்னாலேயே சென்னைக்காரத் தொகுப்பாளன் துள்ளினான்.

"பார்த்தீங்களா! ஐயா தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு ஒண்ணு விடாம பார்க்குறாரு. என்ன கேக்குறாரு? நிறுத்தி, போடுங்க! ஓட்டமா ஓட்டாம நிறுத்தி நிதானமா போடணுமாம். ஐயாவுக்காக இனிமே அரை மணி இல்ல, ஒரு மணி நேரம்!"

சத்தியசீலனுக்குக் காது அடைத்துப்போனது. கோயம்புத்தூரில் யாரைக் கேட்டாலும் நிறுத்திப்போடு என்றால் ஒரே அர்த்தம்தான். மூட்டை கட்டு!

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினார். "ஏம்புள்ள, நம்மூர்ப் பேச்சுத் தெரிஞ்சவங்க அங்க ஒருத்தருமா இல்ல?"

"ஒருத்தி இருக்கறாளுங்க," என்று விமலாராணி ஃபோனை அவர் காதில் வைத்தாள்.

பேசியது மகள் ஷைலா. சென்னையில் டிவி கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்த ஷைலா. கல்யாணத்துக்கு அவர் நெருக்கியதிலிருந்து அப்பாவிடம் முகம் கொடுத்தே பேசாதவள்.

"நான் கணக்கு எழுதலீங்ப்பா. அந்த நிகழ்ச்சிய எடுக்கறதே நாந்தானுங்ப்பா. புகார் மேல புகார் வந்து நிகழ்ச்சியவே தூக்கிடறதா இருந்தாங்க. பெரியவங்களும் ஆசையாப் பாக்கறாங்கன்னு, அம்மா உங்களப் பேச வெச்சு எனக்கு அனுப்பின குரலப் போட்டுக் காட்டினேன், விட்டுட்டாங்க. எம்பட வேலையக் காப்பாத்தினது நீங்கதானுங்ப்பா. ரொம்ப நன்றிங்ப்பா." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

சத்தியசீலன் கோபத்தைத் தேடிப் பார்த்தார். அகப்படவில்லை. "சாப்பிட்டயா கண்ணு?" என்றுதான் கேட்டார். பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் வந்தார்.

"நல்ல காரியம் பண்ணினே புள்ள. நீ ஏமாத்தாம உட்டிருந்தா எம்புள்ள பொழப்ப நானே கெடுத்திருப்பேன். உனக்குக் கோயில் கட்டிக் கும்புடோணும்." மனம் நிறைந்துதான் சொன்னார். சட்டென்று சபதம் ஞாபகம் வந்தது. "அது சரி, ஃபாதர் கேட்டா என்னத்தச் சொல்றது?"

"நிறுத்திப்போட்டேன்னு சொல்லுங்க. எங்க நிறுத்திச் சொல்லோணும்ங்கறத மட்டும் எங்கிட்டக் கேட்டுக்குங்க."