எடைமேடைக் கணினி கடைசியாகச் சொன்னது

அன்புள்ள மருமகன் ஒல்வினுக்கு,

கொர்க்கினிலிருந்து உன் தாய்மாமன் பௌதிலியோ பகுவாதா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் தலைநகரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். உன் அம்மாவுக்குக் கால்வலி தேவலை. எனக்குத்தான் தலைவலி. எங்கள் காப்பிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு நீ எழுதிக் கொடுத்த எடை போடும் புரோகிராம்தான் காரணம்.

அது இன்றும் செத்தது. "சாகும்போது என்ன சொல்லுச்சு மாமா? அதைச் சொன்னாத்தானே நான் சரிபண்ண முடியும்?" என்று நீ போனில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இங்கிலீஷில் ஏதோ சொன்னது. கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். எதுவும் சரியில்லைதான், ஆனால் வேறு பொத்தான் வைக்காதவன் நீ. அழுத்தினோம், மறைந்துவிட்டது. அடுத்த தடவை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாய். போட்டோ என்றதும் எங்கள் எழுத்தர் நிவியா வரிசையில் நின்ற அத்தனை பேரையும் கணினி முன்னால் நிறுத்திச் சிரிக்கச் சொல்லி எடுத்தாள். படம் நன்றாகவே வந்திருக்கிறது; நீ கேட்ட செய்தி என் தொப்பிக்குப் பின்னால் இருக்கிறது. பிறகு, புரோகிராம் தன் கடைசி வார்த்தைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டுத்தான் சாகும், தலைநகரில் இருந்தபடியே அதை எடுத்துப் பார்க்கிறேன் என்றாய். நீ உள்ளே பார்க்கப் போகிறாய் என்று தெரிந்ததும் நிவியா கணினியில் கிடந்த குப்பையையெல்லாம் கூட்டித் தள்ளிவிட்டாள். "தலைநகர்லேருந்து ஆள் பார்க்க வர்றப்போ வீடு அலங்கோலமா கிடந்தா நல்லாவா இருக்கும்?" என்கிறாள். உன் கோப்பும் அதோடு போயிற்று. நான் யாரைத் திட்டுவது?

இதில் மாட்டிக்கொண்டவர் என் வயதுக் காப்பி விவசாயி காஸ்துலோ பெனித்தேஸ். வேறு யார் வந்தாலும் ஒழுங்காக எடை போடும் இந்தச் சனியன், அவர் மூட்டையை இறக்கினால் மட்டும் செத்துப்போகிறது. உன்னிடம் சொன்னேன். "ஆள் கதையெல்லாம் வேணாம் மாமா, எர்ரர் என்னன்னு சொல்லுங்க" என்று சிரித்தாய். இங்கே யாரும் சிரிக்கவில்லை. கண்ணேறு என்கிறார்கள். பச்சைக் குழந்தைக்குக் கட்டுவது போல நிவியா கணினிக்குச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறாள். "பெரியவரே, நீங்க வெளியிலயே நில்லுங்க" என்று விரட்டுகிறார்கள். காலையில் பறித்த காப்பிப் பழத்தோடு அந்த மனிதர் வெயிலில் நிற்கிறார். நாளைக்கு அது புளித்துவிடும். புளித்த பழத்தை நாங்களே வாங்க மாட்டோம். கையால் ரசீது எழுதக் கூடாது என்று தீர்மானம் போட்டபோது முதலில் கை தூக்கியவன் நான்தான், உன்னை நம்பி. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அலுத்தும் போய்விட்டது. தயவுசெய்து வந்து உன் புரோகிராமை எடுத்துக்கொண்டு போ.

கோபம் புரோகிராமின் மேல்தான், உன் மேல் இல்லை. மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் மாமன்,
பௌதிலியோ

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மனசு கேட்கவில்லை. காஸ்துலோவை உள்ளே கூப்பிட்டேன். வழக்கம்போலச் செத்தது. "பொத்தானைத் தொட்டே, கையை ஒடிப்பேன்" என்று நிவியாவை அதட்டி, திரையில் இருந்ததை எழுத்து எழுத்தாக வாசிக்க வைத்தேன். இங்கிலீஷுக்கும் எண்களுக்கும் நடுவே நம் மொழியில் நீ வைத்த இரண்டே சொல்: இரண்டாவது குடும்பப்பெயர். தகப்பன் வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என்று எல்லோருக்கும் இருக்கும் என நினைத்துவிட்டாய். காஸ்துலோவுக்குத் தாய் கொடுத்தது மட்டும்தான். தகப்பன் யார் என்று கேட்பதை இந்த ஊரே எப்போதோ விட்டுவிட்டது. உன் புரோகிராம் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறது.

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "என்கிட்ட அது இல்லீங்களே" என்றார். எனக்குத் தாங்கவில்லை. "என் குடும்பப்பேரைப் போடும்மா" என்றேன். தகப்பன் பெயர்தான் முன்னால் வரவேண்டும் என்று நிவியா முன்னாலேயே போட்டாள்: காஸ்துலோ பகுவாதா பெனித்தேஸ். உடனே எடை போட்டு ரசீது கொடுத்துவிட்டது. ஆகவே புரோகிராம் இங்கேயே இருக்கட்டும். ஆனால் ரசீதைப் பார்த்த வரிசை, "நான் அப்பவே நினைச்சேன், அதே மூக்கு" என்று பேச ஆரம்பித்துவிட்டது. பழி என் அப்பா மேல். உன் தாத்தா பாவம், கல்லறையில் இருக்கிறார், மறுக்க முடியாது. விஷயம் காதுக்குப் போவதற்குள் உன் அம்மாவிடம் நீயே போன் பண்ணிச் சொல்லிவிடு. எனக்குத் தைரியம் இல்லை.