பொட்டு வைத்த ஸ்பேனர்

சொந்த வீட்டில் எதையாவது உடைத்தே தீருவது என்று ஒரு மனிதன் முடிவெடுத்தால், அவனுக்கு ஏதோ கோபம் என்று நினைப்பீர்கள். எனக்குக் கோபம் இல்லை. திருத்துவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் இருளப்பன். கண்டி வாவிக்கு மேலே ஒரு ஹோட்டலில் இரவு வரவேற்பாளன். பெயர் வைத்தபோதே ஷிப்டையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். மனைவி சந்திரிகா. அதாவது நிலவொளி. இருளுக்கும் நிலவுக்கும் பொருத்தம் பிரமாதம் என்றார் ஹேவாஹெட்டயில் ஜாதகம் பார்த்தவர். எங்கள் வீட்டு நிலவு இரவில் தூங்கும், இருள் பகலில் தூங்கும் என்று அவர் சொல்லவில்லை.

பகலில் தூங்குகிறவனை உலகம் மெல்ல மெல்ல மறந்துவிடும். கல்யாண வீடும் சாவு வீடும் அவன் குறட்டையிலேயே முடிந்துவிடும். வெளிச்சத்தில் என்னைப் பெயர் சொல்லித் தேடி வருகிற ஒரே ஆள் பார்சல்காரன்தான். கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு "இருளப்பன் மஹத்தயா!" என்று சிங்களத்தில் ஐயா போட்டுக் கூப்பிடுவான். எங்கோ தூர தேசத்தில் யாரோ ஒருவர் என் பெயரை ஒரு பெட்டியில் ஒட்டி அனுப்பியிருக்கிறார். அந்தக் குரலுக்காகவே நான் சாமான் வாங்கத் தொடங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

என்னைப் போன்றவர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். பெயர் 'சாமான் வந்தாச்சு'. கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் பவாஸ் அதற்குத் தலைவன். பார்சல் வந்தால் படம் போட வேண்டும். பிரித்தால் இன்னொரு படம். எல்லாரும் கைதட்டுவார்கள். பிறகு சாமானைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும். குழுவில் ஒரே ஒரு சட்டம்: 'எதுக்கு?' என்று யாரும் கேட்கக் கூடாது. கலஹாவிலிருந்து கணபதி ஒருமுறை தெரியாமல் கேட்டுவிட்டான். உடனே நீக்கினோம். அழுதுகொண்டே குரல் பதிவு அனுப்பிய பிறகுதான் மறுபடி சேர்த்தோம்.

என் வீட்டில் அந்தச் சட்டம் செல்லாது.

"இது எதுக்கு?"

"லேசர் மட்டம். சுவர்ல சிவப்புக் கோடு போடும். எல்லாம் நேரா இருக்கான்னு பாக்கலாம்."

"மலைச்சரிவுல வீடு. இங்க எதுங்க நேரா இருக்கு?"

"அதைத்தான் காட்டும்."

"இது?"

"ஈரம் அளக்குற மீட்டர்."

"மழைக்காலத்துல நம்ம அம்பிட்டியில ஈரம் இருக்கான்னு கேக்க ஒரு மிஷினா? கொடியில கெடக்குற என் சேலையைக் கேளுங்க. அதுவே சொல்லும்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு நாள் அவள் அந்தக் குண்டைப் போட்டாள்.

"ஏங்க, பின்னறையைக் காலி பண்ணுங்க. எனக்கு வேணும்."

பின்னறையில்தான் என் பெட்டிகள். பெட்டிகளுக்கு நடுவே என் பாய். ஜன்னல் இல்லாத, வெளிச்சம் எட்டிப் பார்க்காத ஒரே அறை. அது போனால் என் தூக்கம் போச்சு. தூக்கம் போனால் வேலை போச்சு. அவள் தம்பி இளங்கோ கண்டிக்கு வேலை தேடி வரப்போகிறான் என்று எனக்குக் காதில் விழுந்திருந்தது. அவனுக்கு மவுத் ஆர்கன் வாசிக்கிற பழக்கமும் உண்டு.

"யாருக்கு வேணும்?" என்றேன், சந்தேகத்தோடு.

"எனக்குன்னுதானே சொன்னேன்."

"அவ்வளவு சாமானையும் எங்க வைக்கிறது?"

அவள் யோசித்தாள். யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டாள் என்பதுதான் சரி. "சரி, ஒரு பேச்சுக்கு வருவோம். ஆயுத பூஜை வருது. இந்த வருஷம் இந்த வீட்டுல வேலை செஞ்சதுக்கு மட்டும்தான் பொட்டு. பொட்டு வாங்கினது எல்லாம் அந்த ரூம்லயே இருக்கட்டும். வாங்காதது வெளிய. சம்மதமா?"

சம்மதித்தேன். சுலபமான காரியம்தானே? ஏதாவது ஒன்றைத் திருத்திக் காட்டினால் போதும்.

வீடு முழுக்கத் தேடினேன். வெட்கமே இல்லாமல் எல்லாம் நன்றாக இருந்தது. ஆடிக்கொண்டிருந்த கதிரை ஆடவில்லை. அலுமாரிக் கதவு கிரீச்சிடவில்லை. காற்றாடி, அயர்ன், அடுக்களை விளக்கு, ஒன்றுகூட எனக்காகப் பழுதாகவில்லை. அந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற வேலையெல்லாம் எனக்கு இரவில்தான்.

பவாஸை அழைத்தேன்.

"ஊட்டுல ஒண்ணும் ஒடையல்லயா? அப்ப நீயே ஒடச்சிடு மச்சான்."

"பேசாம உடைஞ்ச சாமான் ஒன்னு ஆர்டர் பண்ணலாம் போல."

"அதுக்கு ஏன் ஆர்டர்? என்ட பார்சல் முக்காவாசி ஒடஞ்சிதான் வருது."

மறுநாள் காலை வேலை முடிந்து வந்தபோது சந்திரிகா சந்தைக்குப் போயிருந்தாள். நல்ல நேரம். அடுக்களையில் தண்ணீர் திறக்கும் பைப்பைக் கையால் திருகினேன். அசையவில்லை. அம்மிக் குழவியை எடுத்து, வலிக்காமல், அன்பாக ஒரு தட்டுத் தட்டினேன். பைப் கழன்று காலடியில் விழுந்தது. தண்ணீர் எதிர்ச் சுவரில் போய் அறைந்தது.

பின்னறைக்கு ஓடிப் பெட்டிகளைத் தூக்கிவந்தேன். ஈரம் அளக்கும் மீட்டரைத் தரையில் வைத்தேன். ஈரம் என்றது. வெப்பம் பார்க்கும் கருவியை நீட்டினேன். தண்ணீர் குளிர் என்றது. குழாய்க்குள் பார்க்கும் கேமராவை விட்டேன். உள்ளே தண்ணீர் இருப்பதைத் துல்லியமாகக் காட்டியது. தண்ணீர் எந்தப் பக்கம் சரிந்து ஓடுகிறது என்பதை லேசர் மட்டம் சிவப்புக் கோடு போட்டு விளக்கியது. இவ்வளவு அறிவாளிகள் மத்தியில் நான் முழங்கால் வரை நனைந்து நின்றேன்.

கடைசியில் ஸ்பேனர் பெட்டியைத் திறந்தேன்.

ஸ்பேனரில் கிரீஸ். பிடியில் கீறல். ட்ரில் பெட்டியைத் திறந்தேன். ஊசிகள் மழுங்கியிருந்தன, சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது. எவனோ பாவித்த பழைய சாமானை எனக்குப் புதியது என்று தள்ளிவிட்டிருக்கிறான்! வந்த அன்று படம் எடுத்த சந்தோஷத்தில் நான் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

தண்ணீர் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, படம் எடுத்துக் குழுவில் போட்டேன். குழு கொதித்தது. "அநியாயம்!" என்றான் கணபதி. "ஒத்தை ஸ்டார் போடு மச்சான், விடாதே!" என்றான் பவாஸ். இன்னும் சிலர் கண்ணீர் முகங்கள் அனுப்பினார்கள். பல வருஷமாக எனக்காக யாரும் அவ்வளவு வருத்தப்பட்டதில்லை. நின்றபடியே ஒத்தை ஸ்டாரும் கண்டனமும் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டத் தட்ட ஒரு செருப்பு என்னைக் கடந்து வாசலுக்கு மிதந்து போனது.

அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சந்திரிகா உள்ளே வந்தாள்.

வெளியே போய் தண்ணீர் மீட்டரடியில் வால்வை மூடினாள். தண்ணீர் நின்றது. அப்படி ஒரு வால்வு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். விழுந்து கிடந்த பைப்பைத் திருப்பிப் பார்த்து ஓரமாக வைத்தாள். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து புதுப் பைப் ஒன்றை எடுத்தாள். மரையில் வெள்ளை டேப் சுற்றினாள். பார்க்காமலே பெட்டிக்குள் கையை விட்டு, சரியான ஸ்பேனரை எடுத்து, இரண்டு திருகு திருகினாள். முடிந்தது.

"சந்திரிகா, அந்த ஸ்பேனரைத் தொடாதே. அது எவனோ பாவிச்ச பழசு."

"எவனோ இல்லைங்க. நான்தான்."

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுப் பர்ஹானா கேட்டடியில் குரல் கொடுத்தாள். "அக்கா! என்ட பிளண்டர் ரெடியா? ராபியா மாமியும் அயர்னைத் தந்துட்டாங்க, ஒருக்கா பாருங்கோ!"

நான் சந்திரிகாவைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப கத்துக்கிட்ட?"

"பகல்ல. நீங்க கண்ணுக்கு ஒரு மூடி, காதுக்கு ஒரு அடைப்பான் வாங்கினீங்களே, அதைப் போட்டுக்கிட்டுத் தூங்குறப்ப. போன்ல பாத்துப் பாத்துத்தான். ஒருநாள் உங்க தலைமாட்டுச் சுவர்லயே ட்ரில் போட்டேன். திரும்பிப் படுத்தீங்க."

அவமானமாக இருந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. சாமான் வேலை செய்திருக்கிறது! யார் கையில் செய்தால் என்ன? பேச்சுப்படி பொட்டு உண்டு. பொட்டு உண்டென்றால் அறை உண்டு. தன் கெட்டிக்காரத்தனத்தாலேயே அவள் தோற்றுவிட்டாள். அன்று அந்தப் பின்னறையில் ராஜா மாதிரித் தூங்கினேன்.

ஆயுத பூஜை வந்தது. வாழையிலையில் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, மேலே குங்குமப் பொட்டும் வைத்தாள். ஸ்பேனருக்குப் பொட்டு. ட்ரில்லுக்குப் பொட்டு. லேசர் மட்டத்துக்குக்கூடப் பொட்டு.

"அதுவுமா?"

"பர்ஹானா வீட்டுல அலுமாரி மாட்டினது அதை வச்சுத்தான்."

கைகூப்பி நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேங்காய் உடைத்தேன். சுண்டல் சாப்பிட்டேன். தூக்கம் கண்ணைச் சுழற்றியது. பின்னறைக்குப் போனேன். என் பாயும் தலையணையும் கதவுக்கு வெளியே சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. உள்ளே ஒரு மேசை, ஒரு கதிரை, வரிசையாய் ஊரார் வீட்டு அயர்ன்கள்.

"என் பாய் ஏன் வெளிய கெடக்கு?"

"பொட்டு வாங்கினது உள்ளே, வாங்காதது வெளிய. பேசின பேச்சுத்தானே?"

"நான் என்ன சாமானா?"

"சாமானா இருந்தா ஏதாவது வேலை செஞ்சிருப்பீங்களே."

"ராத்திரி முழுக்க வேலை செய்யறேன் சந்திரிகா!"

"அது ஹோட்டல்ல. பொட்டை அங்க போய் வாங்கிக்கங்க."

முன்னறையில் பாயை விரித்தேன். ஜன்னல் வழியே அம்பிட்டிய வெயில் முழுவதும் என் முகத்தில் வந்து உட்கார்ந்தது. அயர்ன் கொண்டுவந்த ஒரு மாமி என் கால்மாட்டில் உட்கார்ந்து காத்திருந்தார். போன் அடித்தது. பவாஸ்.

"என்ன மச்சான், ரூம் கெடச்சிச்சா?"

"கெடச்சிருச்சு," என்றேன். "சாமானுக்கு."