வாளுக்குச் சொந்த ஊர் எது?

கண்ணில் படும் எதன் பூர்வீகத்தையும் கிண்டி எடுக்காவிட்டால் சோறு இறங்காத ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாம்பழத்தைக் கொடுத்தால் எந்தத் தோப்பு என்பார்கள். மனிதரைக் காட்டினால் எந்தத் தெரு என்பார்கள்.

அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊரில் அந்த ரகத்தின் கிளைத் தலைவர் கிருபைராஜ். பகலில் டேட்டாபேஸ் வேலை, மாலையில் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பழைய வாள்கள். ஏன் பிலிப்பைன்ஸ்? இந்திய வாளுக்கு நிபுணர்கள் அதிகம். அவருக்குப் போட்டி ஆகாது. யாராவது ஆசையாக ஏலத்தில் எடுத்த வாளை இணையத்தில் படம் போட்டால் போதும், கைப்பிடியைப் பெரிதாக்கி, அலகை உற்றுப் பார்த்து, உறையைச் சுற்றிய பிரம்பையும் விடாமல், "டூரிஸ்டுக்குச் செய்து விற்றது" என்று ஒரே போடாகப் போடுவார். விற்றவர், வாங்கியவர் இருவரின் வயிற்றெரிச்சலும் அவருக்கே.

2007-இல் வினை வீடு தேடி வந்தது. மகள் ரெனிஷா காதலித்த மார்க்கோ பிலிப்பைன்ஸ்காரன். சம்பந்தம் பேச வந்த அவன் அம்மா ரொசாரியோ, தன் மாமனாரின் வாளையே சீராகக் கொண்டுவந்திருந்தார்.

"டாடி, ப்ளீஸ், டோன்ட் ஸ்டார்ட்" என்றாள் ரெனிஷா.

கேட்கிற காதா அது? அலகு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. கைப்பிடியில் வாய் பிளந்த மிருகம். கிருபைராஜ் நிமிர்ந்து, தம் ஆபீஸ் ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொன்னார்: "நீங்கள் மணிலாக்காரர்கள் என்றீர்கள். வாளோ வேறு தீவு, பனாய். ஆக, இது உங்கள் குடும்பத்து வாளே அல்ல."

மார்க்கோ அவசரமாக வாளை உறைக்குள் தள்ளினான். ரெனிஷாவுக்கு அழுகை முட்டியது.

"ஏங்க, பொண்ணைக் கட்டிக் குடுக்கணுமா, கத்தியைக் கட்டிக் குடுக்கணுமா?" என்று மனைவி ஜெயகுமாரி பல்லைக் கடித்தாள்.

ரொசாரியோ காபியைக் கீழே வைத்தார். "வாள் எங்களுடையதுதான். நாங்களும் பனாய்தான், அங்கே ஒரு குக்கிராமம். பேரைச் சொன்னால் இங்கே யாருக்குத் தெரியும்? மணிலா என்று சொல்லிவிடுவோம்." பிறகு கேட்டார்: "நீங்கள் இந்தியாவில் எந்த ஊர்?"

"சென்னை" என்றார் கிருபைராஜ், கொஞ்சமும் கூசாமல்.

ஜெயகுமாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கன்னியாகுமரி ஜில்லாவுல கருங்கல்லைத் தாண்டி வாழைத்தோப்புக்குள்ள இருக்கிற ஊருக்கு எப்போ சென்னைன்னு பேரு வெச்சாங்க?"

ரெனிஷா அதை வரிவிடாமல் ஆங்கிலத்தில் சொல்ல, ரொசாரியோ வயிறு குலுங்கச் சிரித்தார். கல்யாணம் அங்கேயே நிச்சயமாயிற்று.

நீங்களும் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அது கிடக்கட்டும், நீங்கள் எந்த ஊர்? சென்னையா? நல்லது. லீவு விட்டால் எந்த ஊருக்கு பஸ் ஏறுவீர்கள்?