தங்கமீன் வீட்டுப் பிள்ளை

பனியன் துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ் நான். அப்பேர்ப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு, இன்ன மீன் என்றே தெரியாமல் ஒரு மீனை மூன்று மாதம் வளர்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுத் தொட்டியில் இரண்டு தங்கமீன்கள் இருந்தன. என் மனைவி கவிதா தன் ஊரான குன்னத்தூர்ப் பக்கம் போனவள், அங்கிருந்த குளத்திலிருந்து கொஞ்சம் நீர்ச்செடி கொண்டுவந்து தொட்டிக்குள் போட்டாள். நான்கு நாள் கழித்து, செடிக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் அரிசி அளவு ஒரு குஞ்சு நீந்தியது.

"கவிதா, நம்ம மீனு குட்டி போட்டிருச்சு!"

"மீனு முட்டைதானுங்க போடும்?"

(இந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் அப்போது இல்லை.)

"நெறத்தப் பாரு. அப்படியே அப்பன்!"

"ரெண்டுல எதுங் அப்பன்?"

குழந்தை பிறந்த வீட்டில் குதர்க்கம் பேசக்கூடாது என்று அடக்கிவிட்டேன்.

பிள்ளையைத் தனித் தொட்டிக்கு மாற்றினேன். அவித்த முட்டையின் மஞ்சள் கரு ஊட்டினேன். கொசுப்புழு நல்ல சத்து என்று யாரோ சொல்ல, டீ வடிகட்டியோடு தெருத்தெருவாகப் போனேன். அடுத்த தெரு அம்மா ஒருவர் என்னை டெங்கு ஒழிப்புக்காரர் என்று நினைத்து, "எங்கூட்டு டிரம்மையும் பாத்துட்டுப் போங் சாமி" என்றார். பார்த்தேன். நல்ல விளைச்சல்.

இரண்டாம் மாதம் ஆரஞ்சு நிறம் மங்கி, பழுப்பில் பட்டை பட்டையாக வந்தது. துணியாக இருந்தால் சாயம் சரியில்லை என்று லாட்டையே திருப்பி அனுப்பியிருப்பேன். சொந்தப் பிள்ளையாயிற்றே! "வளர்ற வயசு" என்று பாஸ் செய்துவிட்டேன்.

செய்தி கம்பெனி முழுக்கப் பரவியது. வீட்டில் தானாக மீன் பிறப்பது பெரிய யோகம் என்று மேனேஜர் ஓதிவைக்க, முதலாளியே என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, அந்த யோக மீனை நம்மூட்டுக்குத் தர்றீங்களா?"

நானோ புரொடக்‌ஷன் இன்சார்ஜ் பதவிக்குக் காத்திருந்தவன். விரல் நீளம் வளர்ந்திருந்த பிள்ளையை வெற்றிலை பாக்குப் பழத்தோடு கொண்டுபோய், நாற்பது குட்டி வண்ணமீன்கள் நீந்திய அவர் வீட்டுத் தொட்டியில் விட்டேன். "தொட்டிக்கே களை வந்துருச்சுங்க" என்றார் மேனேஜர்.

வாராவாரம் வண்ணமீன்கள் குறைந்தன. முதலாளி முதலில் ஃபில்டர் மீது சந்தேகப்பட்டார். பிறகு தண்ணீர் மீது. பிறகு பக்கத்து வீட்டுப் பூனை மீது. கடைசியில் மீன் நிபுணரான எனக்கே அழைப்பு வந்தது.

தொட்டியில் ஒரே ஒரு மீன்தான் இருந்தது. சாண் நீளம், உருண்டையான வயிறு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னேன்: "ஆக்சிஜன் கொறவுங்க. நம்ம பையன் மட்டும் தாக்குப் பிடிச்சிருக்கான். வளர்ப்பு அப்படிங்க."

காபி கொண்டுவந்த எஸ்தர் அக்கா தொட்டியை எட்டிப் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சமையலுக்குப் புதிதாக வந்தவர். "அய்யா, இது வெரால் மீனுல்லா! எங்கூரு கொளத்துல நெறைய கெடக்கும். கூட இருக்க சின்ன மீனையெல்லாம் முழுங்கிருமே!"

முதலாளி என்னைப் பார்த்தார். "தங்கமீன் குட்டின்னீங்களே, தம்பி?"

வாயில் காபி இருந்ததால் தப்பித்தேன்.

"கொழம்பு வச்சிரட்டா, அய்யா?" என்றார் எஸ்தர் அக்கா.

கெஞ்சிக் கூத்தாடி, அதை மூடிபோட்ட வாளியில் வைத்து, பைக்கிலேயே குன்னத்தூர்க் குளத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். முட்டை ஊட்டி வளர்த்தவன் கரையில் நிற்கிறேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் வாளியைக் கழுவுகிற சாக்கில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். பதவி வேறொருவருக்குப் போனது.

இன்றும் அந்தக் குளத்தில் வலை போடும் நாளெல்லாம் என் மாமனார் போன் செய்வார். "ஏனுங் மாப்ள, ஒரு வெரால் மாட்டியிருக்குதுங். நம்ம பேரனாட்டவே தெரியுது. வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருங், அப்பறமா அறுக்கலாம்."

பின்னால் மொத்தக் குடும்பமும் சிரிப்பது கேட்கும். கேலிதான் என்று தெரியும். ஆனாலும் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.